மார்பு அறுவைக்குப் பின்: உடல் தன்னைச் செப்பனிடும் விதம்

பதின்மூன்று, பதினான்கு வயதுள்ள பையன்கள் பத்துப் பேரை எடுத்துக்கொண்டால், அவர்களுள் ஏறத்தாழ ஐந்து பேருக்கு மார்புக் காம்பின் அடியில் ஒரு சிறு நாணயத்தின் அளவில் கட்டி போன்ற ஒன்று கைக்குத் தட்டுப்படும். தொட்டால் சற்று வலிக்கும். பலருக்கு அது வெளியே தெரிவதில்லை. சிலருக்கோ மார்பு புடைத்துச் சட்டைக்கு மேலும் தெரியும்.

இதைப் பற்றி அவர்கள் யாரிடமும் வாய் திறப்பதில்லை. நீச்சலுக்குக் கூப்பிட்டால் சளி என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வார்கள். சித்திரை வெயிலிலும் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொள்வார்கள். தோளைக் குறுக்கி, கூன் போட்டு நடப்பார்கள். தெரிந்துவிட்டாலோ வகுப்பில் ஒரு பட்டப்பெயர் காத்திருக்கும்.

மருத்துவர்கள் இந்த நிலையைக் 'கைனகோமாஸ்டியா' என்கிறார்கள். இது 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்ற கிரேக்க மருத்துவர் வழங்கிய பெயர். பெரும்பாலான பையன்களுக்கு இது ஓரிரண்டு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும். மறையாமல் நின்றுவிடும் சிலருக்கு மட்டும் அறுவை மருத்துவம் தேவைப்படலாம். அந்த அறுவை பெரும்பாலும் ஓரிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அதன்பின் உடல் தன் பங்குக்குச் செய்யும் வேலை ஓர் ஆண்டு வரை நீடிக்கிறது.

'இறுக்கமான மேலாடையைக் கழற்றாதே, கையைத் தூக்காதே, சுமை எடுக்காதே, வெயிலில் காட்டாதே' என்று மருத்துவர் சொல்லி அனுப்புவார். கேட்கும்போது இவை வெறும் கட்டுப்பாடுகளாகத் தோன்றும். உண்மையில் இவை ஒவ்வொன்றுக்கும் தோலுக்கு அடியில் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணங்களை வரிசையாகக் காண்போம்.

ஏன் வருகிறது?

ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கிறது என்று படித்திருப்பீர்கள். பெண்மைக்குரியது எனப்படும் ஈஸ்ட்ரோஜனும் எல்லா ஆண்களின் உடலிலும் சிறிதளவு உண்டு. கொழுப்புத் திசுவிலும் வேறு சில திசுக்களிலும் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி, ஆண் ஹார்மோனின் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது.

குமரப் பருவம் தொடங்கும்போது இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் சில காலம் தடுமாறும். மார்புக் காம்பின் அடியில் எல்லா ஆண்களுக்கும் பிறவியிலேயே உள்ள சிறிதளவு சுரப்பித் திசு அப்போது தூண்டப்பட்டு வளர்கிறது. விகிதம் சீரானதும் பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. ஆகவே இது நோயன்று. ஆண்மைக் குறைவின் அடையாளமும் அன்று.

உடல் பருமனால் மார்பில் கொழுப்பு மட்டும் சேர்ந்திருப்பது வேறு. அங்கே சுரப்பித் திசு வளர்வதில்லை. எடை குறைந்தால் அதுவும் குறையும். சில மருந்துகளாலும், கல்லீரல், தைராய்டு நோய்களாலும், உடற்கட்டுக்காகச் சிலர் இரகசியமாகப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசிகளாலும் ஆண் மார்பு பெருக்கலாம். 1942இல் ஹாரி கிளைன்ஃபெல்டர் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த பிறவி நிலையிலும் இது ஓர் அறிகுறி. அந்த நிலை உள்ள ஆண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது பின்னர் தெரியவந்தது. எனவே கத்தியை எடுக்குமுன் மருத்துவர் காரணத்தைத் தேடுவார். கட்டி கல்லைப்போல் கடினமாக இருந்தாலோ, காம்பிலிருந்து நீரோ இரத்தமோ கசிந்தாலோ, விதையில் கட்டி தட்டுப்பட்டாலோ காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்றவர்களுக்கு முதல் மருத்துவம் பொறுத்திருப்பதுதான். ஓரிரண்டு ஆண்டுகளுக்குமேல் மறையாமல் நின்று, மனத்தையும் அன்றாட வாழ்வையும் வருத்தினால், வளர்ச்சி ஓரளவு நிலைத்த பிறகு அறுவையைப் பற்றி எண்ணுவார்கள்.

அறுவையில் என்ன செய்கிறார்கள்?

இந்த அறுவை புதியதன்று. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏஜினா தீவின் பால் என்ற மருத்துவர், மார்பின் கீழே பிறை வடிவில் கீறி, உள்ளிருப்பதை அகற்றித் தைக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார். ஈதர் மயக்க மருந்து 1846இல்தான் பொதுவில் செய்து காட்டப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்நாளைய நோயாளி பட்ட பாடு விளங்கும்.

1946இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜெரோம் வெப்ஸ்டர், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் அரைவட்டமாகக் கீறும் முறையை விவரித்தார். இருண்ட தோலும் வெளிறிய தோலும் சந்திக்கும் கோட்டில் வடு மறைந்துகொள்ளும். 1970களின் பிற்பகுதியில் பிரான்சின் ஈவ் ஜெரார் இல்லூஸ் மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறையைப் பரப்பினார். 1987இல் ஜெஃப்ரி கிளைன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர், உப்பு நீரில் மரப்பு மருந்தையும் அட்ரினலினையும் மிகக் குறைந்த அளவில் கலந்து, கொழுப்பில் ஊறவிட்ட பின் உறிஞ்சும் வழியை வெளியிட்டார். அட்ரினலின் இரத்தக் குழல்களைச் சுருக்குவதால் இரத்தப்போக்கு வெகுவாகக் குறைந்தது.

இன்று பெரும்பாலும் இரண்டு முறைகளையும் சேர்த்தே கையாள்கிறார்கள். கொழுப்பை உறிஞ்சுகிறார்கள், உறிஞ்ச வராத கெட்டியான சுரப்பியைக் கீறி எடுக்கிறார்கள். காம்பின் அடியில் மட்டும் ஒரு மெல்லிய தட்டு அளவுக்குத் திசுவை விட்டுவைப்பார்கள். முழுவதும் எடுத்துவிட்டால் காம்பு குழிந்து, அந்த இடம் சாஸரைப்போல் பள்ளமாகிவிடும். எடுத்த திசு ஆய்வகத்துக்குப் போகும்.

இப்போது தையல் போட்டாயிற்று. ஆனால் தோலுக்கும் அதன் கீழுள்ள மார்புத் தசைக்கும் நடுவே, திசு இருந்த இடம் காலியாகிவிட்டது. அந்த வெற்றிடத்தைச் சுற்றித்தான் இனிமேல் நடக்கும் கதை முழுவதும்.

முதல் நாள்

வெட்டுப்பட்ட நுண்ணிய இரத்தக் குழல்களின் வாயில் இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பாக நிற்கின்றன. ஃபைப்ரின் என்ற புரத இழைகள் அவற்றின்மேல் வலைபோல் பின்னிக்கொள்கின்றன. முழங்காலில் சிராய்த்தால் உருவாகும் பொருக்கும் இதே வேலைப்பாடுதான்.

முதல் 24 மணி நேரம் இந்த அடைப்புகளுக்குச் சோதனைக் காலம். அட்ரினலினின் வேகம் தணியத் தணியச் சுருங்கியிருந்த குழல்கள் மீண்டும் விரிகின்றன. மயக்கம் தெளியும்போது வாந்தி, இருமல், வலி ஆகியவற்றால் இரத்த அழுத்தமும் ஏறக்கூடும். ஏதேனும் ஓர் அடைப்பு கழன்றால் இரத்தம் வெற்றிடத்தில் தேங்கிவிடும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, இறுகி, வலி கூடினால், இரவானாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆஸ்பிரின் சாப்பிடும் வழக்கம் உண்டா என்று அறுவைக்கு முன்பே மருத்துவர் கேட்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? ஒரு தட்டணு ஆஸ்பிரினால் ஒருமுறை பாதிக்கப்பட்டால், அதன் ஆயுளான ஏழு முதல் பத்து நாள் வரை அது சரிவர ஒட்டாது.

படுக்கையில் தலைப்பக்கம் சற்று உயர்ந்திருக்க வேண்டும். புவியீர்ப்பு அப்போது வீக்கநீரை மார்பிலிருந்து வடியச் செய்யும். அதே நாளில் எழுந்து மெல்ல நடக்கவும் சொல்வார்கள். காலின் ஆடுசதை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி, சிரைகளிலுள்ள இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் கிடந்தால் இரத்தம் காலில் தேங்கி உறையும் ஆபத்து உண்டு.

முதல் வாரம்

முதலில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் படையெடுத்து வந்து கிருமிகளைத் தாக்குகின்றன. இரண்டு, மூன்று நாளில் மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கணுக்கள் வந்து சிதைந்த செல்களையும் உறைந்த இரத்தத்தையும் தின்று இடத்தைத் துப்புரவாக்குகின்றன. இந்த வேலையாட்கள் வெளியே வருவதற்காக இரத்தக் குழல்களின் சுவர்கள் தளர்ந்து கொடுக்கின்றன. செல்களோடு நீரும் கசிகிறது. அதுவே வீக்கம். இரண்டாம், மூன்றாம் நாளில் அது உச்சத்தை எட்டும்.

பல பையன்கள் மனமுடைந்து போகும் நேரம் இதுதான். கட்டை மாற்றும்போது குனிந்து பார்த்தால் மார்பு முன்பைவிடப் பெரிதாகத் தெரியும்! 'எல்லாம் வீணாயிற்றே' என்று தோன்றும். தெரிவது வீக்கநீரே அன்றி அகற்றிய திசு அன்று. இந்த நாட்களில் கண்ணாடி முன் நின்று முடிவுக்கு வருவது அடித்தளம் போட்ட அன்றே வீட்டின் அழகை மதிப்பிடுவதுபோல் ஆகும்.

தோலில் பரவும் நீல, பச்சை, மஞ்சள் நிறங்களையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது ஒரு வேதியியல் பாடம். கசிந்த சிவப்பணுக்களின் ஹீமோகுளோபின் சிதையும்போது பச்சை நிறமுள்ள பிலிவெர்டினாகவும், பிறகு மஞ்சள் நிறமுள்ள பிலிரூபினாகவும் மாறுகிறது. பச்சையும் மஞ்சளும் தோன்றினால் துப்புரவு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆனால் காய்ச்சல், நாளுக்கு நாள் பரவும் சிவப்பு, சீழ் ஆகியவை கிருமி புகுந்ததன் அடையாளங்கள். அவற்றைப் பார்த்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வெற்றிடத்தில் ஊறும் நீரை வெளியேற்றச் சிலருக்கு மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, அதன் முனையில் சிறு உறிஞ்சு குப்பியைப் பொருத்தியிருப்பார்கள். ஒரு நாளில் சேரும் நீர் ஏறத்தாழ 30 மில்லிலிட்டருக்குக் கீழே வந்ததும் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். அளவைத் தவறாமல் குறித்து வைக்கச் சொல்வது இதற்காகவே.

அடுத்தது இறுக்க மேலாடை. நோட்டுப் புத்தகத்துக்குப் பசை தடவி அட்டை ஒட்டிய பின் என்ன செய்வீர்கள்? பசை காயும்வரை மேலே கனமான புத்தகத்தை வைப்பீர்கள். அழுத்தாமல் விட்டால் நடுவே காற்றுக் குமிழ் தங்கிவிடும். தோலை மார்புத் தசையோடு ஒட்டச் செய்யும் 'பசை' உடலிலேயே ஊறுகிறது. அது பிடித்துக்கொள்ளும்வரை மேலாடை அழுத்திப் பிடிக்கிறது. நீர் தேங்காமலும் காக்கிறது. பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் அதை அணியச் சொல்வார்கள். ஆனால் மூச்சு முட்டும்படி இறுக்கக் கூடாது. அளவுக்கு மீறிய இறுக்கம் தோலுக்குப் போகும் இரத்தத்தையே தடுத்துவிடும்.

மூன்று வாரம் வரை

துப்புரவு முடிந்ததும் கட்டுமானம் தொடங்குகிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் நார்செல்கள் கொல்லாஜன் என்ற புரத இழைகளை நூற்கின்றன. புதிய நுண்குழல்கள் முளைத்து அவற்றுக்கு உயிர்வளியைக் கொண்டுவருகின்றன.

வெளித்தோலின் விளிம்புகள் ஓரிரண்டு நாளிலேயே மூடிக்கொள்கின்றன. மேலிருந்து பார்ப்பவருக்குப் புண் ஆறிவிட்டதாகத் தோன்றும். உண்மை வேறு. இயல்பான தோலின் வலிமையை 100 என்று வைத்துக்கொண்டால், ஒரு வாரத்தில் காயத்தின் வலிமை உத்தேசமாக 3 மட்டுமே. மூன்று வாரத்தில் 20 முதல் 30 வரை. மூன்று மாதத்தில் ஏறத்தாழ 80. அதற்குமேல் அது என்றும் 100ஐ எட்டுவதில்லை.

இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு பையனின் ஆசைகளைப் பாருங்கள். பத்தாம் நாளில் வலி ஏறக்குறைய நீங்கிவிடும். பள்ளிக்குப் போகலாம். கைப்பந்து ஆட்டமும் கண்ணில் படும். ஆனால் பந்தை அடிக்கக் கையைத் தூக்கினால் அடியிலுள்ள மார்புத் தசை சுருங்கி நகரும். அதன்மேல் இப்போதுதான் ஒட்டத் தொடங்கிய தோல் உராய்ந்து பிரியும். பிரிந்த இடத்தில் மீண்டும் நீர் கோத்துக்கொள்ளும். அதனால்தான் முதல் ஓரிரு வாரம் கையைத் தோளுக்குமேல் தூக்க வேண்டாம் என்றும், நான்கு முதல் ஆறு வாரம் சுமை, தண்டால், கடும் விளையாட்டு வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். வலி போனதை வைத்து வலிமையை அளக்க முடியாது.

கொல்லாஜன் நூற்க வைட்டமின் சி இன்றியமையாதது. 1939இல் பாஸ்டன் நகரின் இளம் அறுவை மருத்துவர் ஜான் கிராண்டன் இதைத் தம் உடலிலேயே சோதித்தார். வைட்டமின் சி சிறிதும் இல்லாத உணவை மாதக்கணக்கில் உண்டார். மூன்று மாதமானபின் அவர் முதுகில் கீறிய காயம் இயல்பாக ஆறியது. ஆறு மாதமானபின் கீறிய காயமோ உள்ளே ஒட்டவே இல்லை. வைட்டமின் சியை ஊசி மூலம் செலுத்தியதும் அது ஆறத் தொடங்கியது.

இதற்கு இருநூறு ஆண்டுகளுக்குமுன் ஆன்சன் என்ற ஆங்கிலக் கடற்படைத் தலைவரின் உலகப் பயணத்தில், ஸ்கர்வி நோய் கண்ட ஒருவருக்கு, 1690ஆம் ஆண்டுப் போரில் பட்டு ஆறிப்போன காயம் ஐம்பது ஆண்டு கழித்து மீண்டும் திறந்துகொண்டதாகப் பயணக் குறிப்பு கூறுகிறது. வடுவிலுள்ள கொல்லாஜன் கட்டி முடித்த சுவர் அன்று என்பதும், அது ஓயாமல் பழுதுபார்க்கப்படுகிறது என்பதும் இதிலிருந்து விளங்குகின்றன அல்லவா? நமக்கோ ஒரு கொய்யாப்பழம் போதும், ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் சி கிடைத்துவிடும். பருப்பு, முட்டை, மீன், பால் முதலியவை புரதத்தைத் தரும். 'புண்ணுக்கு ஆகாது' என்று இவற்றை விலக்குவது உடலின் கைவேலைக்குக் கச்சாப் பொருளைக் கொடுக்க மறுப்பதாகும்.

புகைப்பிடிப்பது மட்டும் கட்டாயம் ஆகாது. நிகோட்டின் நுண்குழல்களைச் சுருக்குகிறது; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினில் உயிர்வளிக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காம்பின் தோல் உயிர்வளியின்றி மடிந்துபோகவும் கூடும்.

மரத்துப்போன தோலும் மாறும் வடுவும்

அறுவையின்போது தோலுக்குச் செல்லும் மெல்லிய நரம்பிழைகளும் அறுபடுகின்றன. ஆகவே மார்பின் சில இடங்கள் மரத்திருக்கும். நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளர்கிறது. நான்கு அங்குலம் வளர மூன்று மாதத்துக்கு மேலாகும் என்று நீங்களே கணக்கிடலாம். இடையில் ஊசி குத்துவதுபோலவும், மின்சாரம் பாய்வதுபோலவும், அரிப்பாகவும் தோன்றும். பெரும்பாலும் இவை நரம்புகள் மீண்டும் ஊர் திரும்பும் அறிகுறிகள். சிலருக்குச் சிறிது மரப்பு நிலைத்துவிடுவதும் உண்டு.

மூன்று வாரத்துக்குப் பின் உடல் வடுவைத் திருத்தி எழுதத் தொடங்குகிறது. அவசரத்தில் தாறுமாறாகப் போட்ட இழைகளைக் கரைத்துவிட்டு, உறுதியான வேறு வகைக் கொல்லாஜனை இழுவிசையின் திசையில் அடுக்குகிறது. இளஞ்சிவப்பாகவும் தடித்தும் இருந்த வடு மெல்ல மெல்ல வெளிறித் தட்டையாகிறது. மார்பின் வடிவம் நிலைக்க மூன்று முதல் ஆறு மாதமும், வடு முதிர ஓர் ஆண்டும் அதற்கு மேலும் ஆகும். அதுவரை வடுவை வெயிலில் காட்டினால் அது கருத்துவிடும்.

சிலருக்கு இந்தத் திருத்த வேலை நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை. வடு காயத்தின் எல்லையையும் தாண்டி உருண்டு திரண்டு வளரும். இதைக் கீலாய்டு என்பார்கள். கருநிறத் தோல் உள்ளவர்களிடம் இது அதிகம். அதிலும் நடுமார்பும் தோளும் இதற்கு இடம் கொடுக்கும் பகுதிகள். காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ இத்தகைய தழும்பு இருந்தால், அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். எஞ்சிய கொழுப்புச் செல்கள் எடை கூடினால் பருக்கும். ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டால், விட்டுவைத்த சுரப்பித் திசு மீண்டும் தலைதூக்கக்கூடும்.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் மார்பிலும் அப்படி ஒரு கட்டி தட்டுப்பட்டால், கடையில் விற்கும் களிம்பையோ, நண்பன் சொன்ன மாத்திரையையோ தேட வேண்டாம். அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தக் கட்டுரையை அவர்களிடம் படிக்கக் கொடுங்கள். ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட்டால், பெரும்பாலோருக்கு 'பொறுத்திரு, போய்விடும்' என்ற பதிலே கிடைக்கும்.

உங்கள் வகுப்பு மாணவன் ஒருவன் இந்த அறுவை முடிந்து வந்தால், ஆறு வாரம் அவனுடைய புத்தகப் பையை நீங்கள் சுமந்து வாருங்கள். விளையாட்டுத் திடலில் அவனை ஓடச் சொல்லாமல் ஆட்டத்தின் கணக்கைக் குறிக்கச் சொல்லுங்கள். சட்டையைத் தூக்கிக் காட்டும்படி யாராவது கேட்டால் அவர்களைத் தடுங்கள். அவன் சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைக்க வேண்டாம். அந்த நேரத்திலும் அவனுடைய சட்டைக்குள்ளே நார்செல்கள் இழை நூற்றுக்கொண்டிருக்கின்றன. நரம்புகள் நாளுக்கு ஒரு மில்லிமீட்டராக வளர்ந்துகொண்டிருக்கின்றன.